இடத்தைச் சுட்டும் இனப்பெயர்: கலைச்சொல் எது?

சேர்,

உயிரினங்களின் அறிவியல் பெயர் இருசொற்பெயர்: முதற்சொல் சாதி (genus), இரண்டாம் சொல் இனம். அதில் இடத்தைக் குறிக்க வரும் இரண்டாம் சொல்லுக்கு 'வாழிட அடை' என்ற கலைச்சொல் பொருந்தாது. நம் தோட்டங்களில் கூரையேறும் குரங்கு மக்காக்கா சினிக்கா. 1771இல் லின்னேயஸ் இட்ட பெயர். சினிக்கா என்றால் சீனத்துக்குரியது. அந்தக் குரங்கோ இலங்கைக்கே உரியது. பக்கத்தில் நிற்கும் தேயிலை கமேலியா சினென்சிஸ். அதற்குச் சீனம் சரிதான். பொருந்தாத பெயர் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ள முடியாது. விலங்கியல் பெயரீட்டுக் கோவையின் 18ஆம் உறுப்புரையும் தாவரவியல் கோவையின் 51ஆம் உறுப்புரையும் இடம் தரா. ஆகவே வாழிடம், தாயகம் என்ற சொற்களே வேண்டாம்.

'இடப்பெயரடை' இலக்கணத்துக்குச் சரி. ஆனால் இடப்பெயர்வு என்ற சொல்லோடு வளர்ந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் போர்க்காலம்தான் நினைவுக்கு வரும். 'இடவடை'யைத் தேநீர் இடைவேளைக்கு முன் கரும்பலகையில் எழுதவே முடியாது! 'இடஞ்சுட்டு அடை' என்று வைத்துக்கொள்ளலாமா?

*

தம்பி,

வைத்துக்கொள்ளலாம். 'சுட்டு அடை' என்று சுருக்கிவிடாதீர்கள், சுட்ட அடையாகிவிடும். 'அடை'யை மட்டும் விடக்கூடாது. பெரும்பாலும் இவை பெயரடைகள். இலத்தீன் இலக்கணப்படி சாதிப்பெயரின் பாலுக்கேற்ப ஈறு மாறும். விலங்கியலாளர் கெலார்ட் 1852இல் ஒரு பல்லிக்குக் கண்டியின் பெயரால் ஜிம்னோடாக்டைலஸ் காண்டியானஸ் என்று பெயரிட்டார். அந்தச் சாதி ஆண்பால். பிறகு பெண்பாலான நேமாஸ்பிஸ் சாதிக்கு மாற்றியதும் காண்டியானா ஆயிற்று. பழைய ஈற்றையே எழுதுவது மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை.

-என்சிஸ் ஈற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்றே, அஃறிணைப்பாலுக்கு மட்டும் -என்சே. மலைநாட்டு ஊரான ஒஹியவின் பெயரால் 1929இல் ராட்டஸ் ஒஹியென்சிஸ் ஆன எலி, இன்று ஸ்ரீலங்காமிஸ் ஒஹியென்சிஸ். சாதி மாறியும் ஈறு அப்படியே.

ஹோர்ட்டன் சமவெளிக் கொம்புப் பல்லி செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டியை இதில் சேர்க்காதீர்கள். அது ஆளின் பெயர், ஆறாம் வேற்றுமை. சாதி பெண்பாலானாலும் ஈறு அசையாது. அதற்குத் தனிக் கலைச்சொல் தேவை.

அருஞ்சொல் பட்டியலில் அடியையும் ஈற்றையும் பிரித்து, மூன்று பால் வடிவங்களையும் கொடுங்கள்: காண்டியான்- + -அஸ், -ஆ, -அம். பொருள் எழுதும்போது 'கண்டிக்குரிய' என்றே எழுதுங்கள். 'கண்டியில் வாழும்' என்று எழுதினால், நீங்கள் சொன்ன குரங்கைச் சீனாவுக்கு அனுப்ப வேண்டிவரும்.