பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டர் இடப்பக்கம் இழுக்கிறது: இதையே திருத்துவதா, பெரிய மூன்று சில்லு வண்டி எடுப்பதா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது. இடது முழங்காலுக்கு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடமாகிறது. முப்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவன். நிற்கிற இடத்தில் காலை ஊன்றி, பின்னால் ஆளோடு வண்டியைத் தாங்க அந்தக் கால் இனி இடம் கொடாது. அதனால் போன வருடம் ஒரு 110 சிசி ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சில்லுப் பூட்டினேன். சந்தைக்கும் கோணேசர் கோயிலடிக்கும் போய்வர ஒரு குறையும் இல்லை.

தூரம் போனால்தான் வில்லங்கம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போகத் தொடங்கியதும் ஹாண்டில் இடப்பக்கம் இழுக்கிறது. வலப்பக்கம் பிடித்துப் பிடித்தே, கிளிவெட்டி வர முன்னம் கை விறைத்துவிடுகிறது. மனைவிக்கு முள்ளந்தண்டின் அடி நோகிறது. சீற்றில் முன்னுக்குச் சறுக்கி என் முதுகில் முட்டுகிறா. மடக்கியபடியே வைத்திருப்பதால் என் முழங்காலும் இறுகிவிடுகிறது. இரண்டு கராஜில் காட்டினேன். ஒருவர் ரயரை மாற்றச் சொன்னார், மாற்றினேன், பலனில்லை. மற்றவர் பக்கச் சில்லு வண்டி என்றால் இப்படித்தான் என்றார்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் வெருகலில் இறங்கி முருகனைக் கும்பிட்டு, வாகரையில் மர நிழலில் கட்டுச்சோறு அவிழ்த்து, நினைத்த இடத்தில் நின்று நின்று போகிற பயணம் பஸ்ஸில் கிடைக்காது. கால் பழுதானதோடு அது நின்றுபோனது. அதை மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசையும்.

மைத்துனர் கனடாவிலிருந்து கான்-ஆம் ஸ்பைடர் என்ற பெரிய மூன்று சில்லு வண்டியின் படம் அனுப்பி, இதுதான் உங்களுக்குச் சரி என்கிறார். அப்படி ஒரு வண்டிக்குக் காசு சேர்ப்பதா? அல்லது இருப்பதைத் திருத்தி, நல்ல சீற், முன்கண்ணாடி, முதுகுச் சாய்மானம் போடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து பதில்

அண்ணன், வண்டியில் குறை தேட முன்னம் ரோட்டைப் பாருங்கள். மழைத்தண்ணி வடிவதற்காக ரோட்டின் நடு உயர்ந்து, கரை இரண்டும் தாழ்ந்திருக்கும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறபடியால் இடது சில்லு எப்போதும் தாழ்வில். இரண்டு சில்லு வண்டி எந்தச் சரிவிலும் நேராக நிற்கும். மூன்று சில்லு வண்டியும் பக்கச் சில்லு வண்டியும் ரோட்டோடு சேர்ந்து சாயும், சாய்ந்த பக்கம் போகத்தான் பார்க்கும். நான் ஓட்டோ ஓடுகிறவன். எங்களுக்கும் அந்த இழுவை உண்டு; ஆனால் கை விறைக்கிற அளவுக்கு இருக்கக் கூடாது.

மட்டமான சீமெந்துத் தரை ஒன்றில் மெதுவாக ஓடி, பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் ரோட்டின் சரிவு. அங்கேயும் இழுத்தால் சில்லுப் பூட்டிய விதத்தில் பிழை.

அடுத்தது கச்சான் காற்று. ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, மட்டக்களப்புக்குப் போகிறவரை வலப்பக்கத்தில் பிடித்து இடப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இழுவை குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் காற்றுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அக்கா எப்படி இருந்து வருகிறா? இரண்டு பக்கமும் கால் போட்டா, ஒரு பக்கமாகவா?

உப்புவெளி

ஒரு பக்கமாகத்தான் தம்பி. கோயிலுக்கென்றால் சேலை அல்லவா. கால் இரண்டும் இடப்பக்கம். சாமான் பையும் இடப்பக்கக் கொழுக்கியில்தான் தொங்கும்.

உவர்மலையிலிருந்து பதில்

ஐயா, நான் லேத்தும் வெல்டிங்கும் செய்கிறவன். பக்கச் சில்லு வேலை நிறையப் பார்த்திருக்கிறேன். கிண்ணியாத் தம்பி கேட்ட கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. இரண்டு சில்லு வண்டியில் பின்னால் இருப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுகிறவர் உடம்பை மறுபக்கம் கொடுத்துச் சமன் செய்துவிடுவார். பழகினால் தெரியவே தெரியாது. பக்கச் சில்லு வண்டியில் அது நடக்காது. அந்தப் பாரம் முழுவதும் இடப்பக்க ஸ்பிரிங்கில் இறங்கும். அதோடு பை, அதோடு ரோட்டின் சரிவு. மூன்றும் ஒரே பக்கம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் இரண்டு பக்கச் சில்லுக்கும் காற்று ஒரே அளவா என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பின்சில்லு மூன்றையும் தண்ணியால் நனைத்து, வழக்கம் போல இருவரும் ஏறி, காய்ந்த சீமெந்துத் தரையில் ஒரு முழம் உருட்டிவிட்டு இறங்கி ஈரத் தடத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் பாரம் கூடவோ அந்தத் தடம் அகலமாக இருக்கும். நடுச் சில்லின் தடம் ஒடுங்கி இருந்தால் அது இன்னும் பெரிய விஷயம். எஞ்சின் சுற்றுவது நடுச் சில்லை. பெரும்பாலான பக்கச் சில்லு வண்டிகளில் பின் பிரேக்கும் அதில் மட்டும்தான். பக்கச் சில்லுகள் அளவுக்கு மிஞ்சிப் பாரத்தைத் தூக்கினால் நடுச் சில்லு நிலத்தை இறுகப் பிடிக்காது. மணலில் வெறுமனே சுழலும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பக்கச் சில்லு வண்டியைத் தாங்க மட்டும்தான், சுமக்க அல்ல.

அடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். முன்சில்லின் அச்சிலிருந்து இடது பக்கச் சில்லின் அச்சுக்கும், வலதுக்கும் தனித்தனியே அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஒரு விரல் வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பூட்டியவரிடமே கொண்டுபோய், ஹாண்டில் நேராக இருக்க, உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

வண்டியில் செய்த மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்தீர்களா என்றும் பாருங்கள். காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.

டொரொண்டோவிலிருந்து பதில்

நானும் திருகோணமலை தான், பிறந்தது பாலையூற்றில். ஸ்பைடர் ஆர்டி என்ற மாடல் ஓடுகிறேன், எனக்கும் மூட்டு வருத்தம். அண்ணாவின் மைத்துனர் ஆசையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனாலும் விவரம் தெரிந்து முடிவெடுங்கள்.

முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்கு வரும். அங்கே இரண்டு சில்லு இருப்பதால் கவிழ்வது கடினம். 1330 சிசி, மூன்று சிலிண்டர். கியர் இடது கைப்பிடியில் விரலால் மாற்றுவது, பின்னுக்குப் போகவும் கியர் உண்டு. பிரேக் மூன்று சில்லுக்கும் சேர்த்து வலது காலில் ஒரே மிதி, கைப் பிரேக் நெம்பு இல்லை. உங்களுக்குப் பழுது இடது கால் என்பதால் அந்த வகையில் இது பொருந்தும். வலது முழங்கால் பழுதானவர்கள் இதைத் தொட முன்னம் நன்றாக யோசிக்க வேண்டும்.

ஹார்லியின் ட்ரை கிளைட் பின்னால் இரண்டு சில்லு. சாய்மானமும் கைதாங்கியும் வைத்த அதன் பின்சீற் நாற்காலி மாதிரித்தான், ஆனால் கிளட்ச் பிடித்து இடது காலால் கியர் போட வேண்டும். யமஹா நைகென் பார்க்க மூன்று சில்லு, உண்மையில் சாய்ந்து ஓடும் மோட்டார் சைக்கிள். நின்றால் கால் ஊன்றித் தாங்க வேண்டும். பியாஜியோ எம்பி3யும் சாயும், ஆனால் நிற்கும்போது சாய்வைப் பூட்டிவிடலாம். மூன்று சில்லு என்ற பெயரை நம்பி, கால் ஊன்ற வேண்டிய வண்டியை வாங்கிவிடக் கூடாது.

இனி ஊர் நிலைமை. ஸ்பைடர் கிட்டத்தட்ட ஒன்றரை மீற்றர் அகலம், உங்கள் ஓட்டோவை விட அகலம். எடை 450 கிலோவுக்கு மேல். மூன்று தடத்தில் ஓடுவதால் ரோட்டுக் கிடங்கு குழியை விலத்தி ஓடவே முடியாது, ஏதோ ஒரு சில்லு விழும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்தாலும் வரி கடுமை. ஒரு பெல்ட் அறுந்தால் ஊரில் எங்கே எடுப்பீர்கள்? நான் எனக்கு இங்கே வைத்திருப்பேன். உங்களுக்கு வாங்கச் சொல்ல மாட்டேன்.

பழைய மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒன்றை மட்டும் கெஞ்சிச் சொல்கிறேன். நிறுத்தும்போது பழக்கத்தில் காலைக் கீழே வைக்காதீர்கள். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும். பின்னால் வருகிற பக்கச் சில்லு பாதத்தில் ஏறும். நின்ற பிறகும் கால் பலகையிலேயே இருக்கட்டும்.

மூதூரிலிருந்து பதில்

இவ்வளவு பேர் ஓட்டுகிறவரைப் பற்றிச் சொன்னீர்கள். நான் இருபது வருடமாகப் பின்சீற்றில் இருந்து போகிறவள், அக்காவுக்காக எழுதுகிறேன்.

சறுக்குவதற்குக் காரணம் சீற்றின் சரிவு. மட்டமான இடத்தில் வண்டியை விட்டு, வெறும் சோடாப் போத்தல் ஒன்றைப் பின்சீற்றில் படுக்க வையுங்கள். முன்னுக்கு உருண்டால் அக்காவும் அப்படித்தான் உருளுகிறா. குஷன் கடையில் சீற்றைப் பிரித்து முன்பகுதியை உயர்த்தி மட்டமாக்கச் சொல்லுங்கள். அடியில் ரீபொண்ட் (துண்டுகளை ஒட்டி அமுக்கிய இறுக்கமான) ஸ்பொஞ்ச், மேலே ஒரு அங்குலம் மெத்தென்றது. முழுவதும் மெத்தென்று போட்டால் கடையில் இருந்து பார்க்கச் சுகமாக இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் அமுங்கி அடிப்பலகை குத்தும். பின்னடியில், முள்ளந்தண்டு முடிகிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விடச் சொல்லுங்கள். எனக்கு நோவு நின்றது அந்தப் பள்ளத்தால்தான். ஜெல் வைத்த சீற் வேண்டாம், நம்மூர் வெயிலில் சூடேறினால் இலேசில் ஆறாது. கறுப்பு ரெக்சினும் வேண்டாம்.

சாய்மானம் தோள் வரை உயரமாக இருப்பதை விட இடுப்பைத் தாங்குவதுதான் முக்கியம். அதைவிட முக்கியம் கால் வைக்க இடம். கால் தொங்கினால் உடம்பின் பாரம் முழுவதும் இருக்கிற இடத்திலேயே விழும். இரண்டு பக்கமும் அகலமான கால்பலகை போட்டு, அக்காவை இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கச் சொல்லுங்கள். பயணத்துக்குச் சல்வார், சேலையைப் பையில் வைத்துக் கோயிலடியில் மாற்றலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உப்புவெளி

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். சொன்னதெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஈரத் தடம் பார்த்தோம். இடது பக்கச் சில்லு மூன்று விரல் அகலம், வலது ஒன்றரை, நடுச் சில்லு இரண்டு. மனைவி இறங்கி நின்று குனிந்து பார்த்து, "நானா இவ்வளவு நாளும் இழுத்தது?" என்று கேட்டா. அவ இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்க, பையை எடுத்து என் கால்பலகையில் வைத்து மறுபடி உருட்டினோம். இடது இரண்டு, வலது ஒன்றே முக்கால். நூல் பிடித்ததில் இரண்டு பக்கத்து அளவிலும் அரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. பக்கச் சில்லுப் பூட்டிய மெக்கானிக் பாஸ் வெட்டி ஒட்டித் தந்தார், பக்க ஸ்பிரிங்குகளையும் தளர்த்தினார். சீற் வெளிர் சாம்பல் நிறத்தில், பள்ளத்தோடு வந்துவிட்டது.

முழங்காலுக்கு உவர்மலைத் தம்பியிடமே போனேன். முன்னால் வலமும் இடமுமாக மடிக்கக்கூடிய இரண்டு கால்தாங்கி வைத்துத் தந்தார். நேர் ரோட்டில் இடது காலை அதில் நீட்டிக்கொள்ளலாம்.

இனி முன்கண்ணாடி. கச்சானுக்கு உயரமாகப் போட நினைக்கிறேன். சரியா?

கிண்ணியா

உயரம் வேண்டாம் அண்ணன். சீனன்குடா வெளியிலும் பாலத்திலும் பக்கக் காற்று அடிக்கும்போது பெரிய கண்ணாடி பாய்மரம் மாதிரி. அதோடு முன்காற்று முழுவதும் மறிபட்டால் அந்த வெயிலில் வெந்துபோவீர்கள். நீங்கள் சீற்றில் இருக்க, கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு நேரத்துக்கு வரட்டும். பார்ப்பது விளிம்புக்கு மேலால், அதன் ஊடாக அல்ல. கீழே நாலு அங்குல இடைவெளி விட்டால் நெஞ்சுக்குக் காற்று வரும். அக்ரிலிக் உடைந்தால் துண்டு கூராக வரும், பொலிகார்பனேற் கேளுங்கள். அது கீறல் விழும் சாமான், பெற்றோல் போட்டுத் துடைக்க வேண்டாம், வெறும் தண்ணி போதும்.

உவர்மலை

பின்பெட்டி பூட்ட நினைத்தால் பாரத்தை அதில் ஏற்றாதீர்கள் ஐயா. அது பின்சில்லுக்குப் பின்னால் தொங்குவதால் முன்சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும். தண்ணிப் போத்தல், சாப்பாடு எல்லாம் உங்கள் காலடியில். பெட்டிக்குள் சேலையும் மழைக்கோட்டும் போதும்.

உப்புவெளி

நேற்று வெருகல் வரை போய் வந்தோம். கண்ணாடி மூக்கு நேரத்துக்கு வெட்டியாகிவிட்டது. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடந்தோம். போகும்போது வலக் காற்றுக்குக் கொஞ்சம் பிடிக்க வேண்டி இருந்தது, வரும்போது அதுவும் இல்லை. கை விறைக்கவில்லை. வளைவுகளில் வேகத்தை முதலே குறைத்து, உடம்பை உட்பக்கம் கொடுத்துத் திரும்பினேன், உட்சில்லு கிளம்பவில்லை. ஒரே ஒரு தடவை, கோயில் வாசலில் நிறுத்தும்போது கால் தானாகக் கீழே போனது. மனைவி பின்னாலிருந்து "கால்!" என்று கத்தினா, எடுத்துக்கொண்டேன்.

மனைவிக்குப் பின்னடி நோகவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் பிடித்திருக்கிறதாம். மூதூர்த் தங்கச்சி, கைதாங்கி வைத்தால் அது சரிவருமா? ஆடி அமாவாசைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

மூதூர்

சரிவரும் அக்கா. என் கணிப்பில், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவரின் தோளையே பிடித்துக்கொண்டு போனதால் வந்த பிடிப்பு அது. கைதாங்கி முழங்கை மடிந்து இருக்கிற உயரத்தில் வரட்டும், ஏறி இறங்க இடப்பக்கத்தது மேலே மடிய வேண்டும். குஷன் கடைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய் ஏறி இருந்து அளவு கொடுங்கள்.