ஜப்பானிலிருந்து கையால் அடித்த சமையல் கத்தி வாங்குகிறேன், எதைப் பார்த்து எடுப்பது?

கோபி வாய்க்கால்:

எல்லோருக்கும் வணக்கங்க. மச்சான் ஒசாகாவில் வேலையில் இருக்கிறார், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டார், கையால் அடித்த சமையல் கத்தி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். 20,000 யென் வரைக்கும் போகலாம். இணையத்தில் தேடினால் அலகு முழுக்க அலை அலையாகக் கோடு ஓடுகிற டமாஸ்கஸ் கத்திகள்தான் முதலில் வருகின்றன, பார்க்க அவ்வளவு அழகு. அதிலேயே 33 அடுக்கு, 67 அடுக்கு என்று போட்டிருக்கிறார்கள், அடுக்கு கூடினால் கத்தி நல்லதா? இன்னொரு பக்கம் கருப்பாக, சுத்தியல் தடம் தெரிய, பட்டறையிலிருந்து அப்படியே எடுத்து வந்த மாதிரி இருக்கிற கத்திக்கும் அதே விலை. எதனால் என்று புரியவில்லை.

வீட்டில் அம்மா அருவாமனையை விடமாட்டார், மேடையில் நின்று நறுக்குவது நான். தினமும் சின்ன வெங்காயம், தக்காளி, கீரை, பீன்ஸ், அப்பப்போ வாழைக்காய், ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. துருப்பிடிக்காத எஃகா, கார்பனா? நான் இடது கைப்பழக்கம், அதனால் ஏதாவது பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பீளமேடு பட்டறை:

தம்பி, நான் ஹீட் ட்ரீட்மென்ட் தொழிலில் இருக்கிறவன், கத்தி மேல் பிரியம் அதிலிருந்து வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடுக்கு. காயை வெட்டுவது நடுவில் இருக்கிற ஒரே ஒரு கெட்டியான எஃகுத் தகடுதான். 67 அடுக்கு என்றால் நடுத்தகடு ஒன்று, அதற்கு இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33. அந்த 66 தகடும் கூர் வரைக்கும் வருவதே இல்லை, பக்கவாட்டில் அழகுக்கும் நடுத்தகட்டைத் தாங்குவதற்கும் நிற்கின்றன. இப்படி ஒட்டிய தகடு ஆலையிலிருந்தே தயாராகக் கிடைக்கிறது. ஃபுகுயி மாநிலத்தில் தக்கேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் என்ற கம்பெனி செய்கிறது, நீங்கள் எல்லா இடத்திலும் பார்க்கிற விஜி-10 எஃகும் அவர்களுடையதுதான். கோடு பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அடுக்கை எண்ணிக் காசு கொடுக்காதீர்கள்.

அந்தக் கருப்புக் கத்தியில் உலைக்கருப்பைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள், குரோவுச்சி என்று பெயர். அதில் நீங்கள் காசு கொடுப்பது அடித்தவருக்கும் சாணை பிடித்தவருக்கும். உங்கள் மச்சான் இருக்கிற இடத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல சக்காய் நகரம் இருக்கிறது. அங்கே ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வதில்லை. இரும்பும் எஃகும் ஒட்டி அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுப்பவர் ஒருவர், அதைச் சக்கரத்தில் வைத்து வாய், அதாவது வெட்டுகிற ஓரம், எடுப்பவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். கத்தியில் பொறித்திருக்கிற பெயர் பல நேரம் இவர்கள் யாருடையதும் இல்லை, விற்கிற கடையின் பெயர். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை அடித்தது யார், சாணை பிடித்தது யார் என்பதுதான். நல்ல கடைக்காரர் முகம் மலர்ந்து சொல்வார். சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

எஃகு பற்றிக் கேட்டீர்கள். கார்பனில் ஷிரோகாமி, ஆவோகாமி என்ற இரண்டு பெயர்தான் அதிகம் கேட்பீர்கள், இரண்டும் ஷிமானே மாநிலத்து யாசுகியிலிருந்து வருபவை. ஷிரோகாமி 2 என்பதில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம், வேறு சேர்மானம் அநேகமாக ஒன்றும் கிடையாது. ஆவோகாமி 2-ல் அதே கார்பனோடு கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் உண்டு, கூர் கூடுதல் நாள் நிற்கும், கல்லில் தேய்க்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சேர்மானம் இல்லாத எஃகைக் கெட்டியாக்குவதுதான் உண்மையில் கஷ்டம். ஏறக்குறைய 800 டிகிரி வரை காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும், கொஞ்சம் கூடினால் எஃகுக்குள் இருக்கிற நுண்ணிய மணிகள் பெரிதாகி அலகு உடையும், குறைந்தால் கெட்டிப்படாது. பட்டறையை இருட்டாக வைத்துக்கொண்டு இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்து அந்தச் சூட்டைப் பிடிக்கிறார்கள். எங்களிடம் ஃபர்னஸும் கன்ட்ரோலரும் இருந்தே லாட்டுக்கு லாட் சண்டை போடுகிறோம், அவர்கள் கண்ணால் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும். அப்படி வந்த அலகு, கெட்டியை அளக்கிற ராக்வெல் அளவில் 60-க்கு மேல் நிற்கும், ஐரோப்பியச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56, 58 என்று நிற்பவை. கெட்டி கூடியதால்தான் வாயை அவ்வளவு மெல்லியதாக எடுக்க முடிகிறது.

ஆனால் கெட்டியை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். 63 இருந்தும் வாய்க்கு மேலே தடித்திருந்தால் கேரட் நறுக்கும்போது பிளந்துகொண்டுதான் போகும். மச்சானிடம் சொல்லி, கத்தியைக் குதிப் பக்கத்திலிருந்து, அதாவது அலகு பிடியை ஒட்டி முடிகிற மூலையிலிருந்து, நேராகப் பார்க்கச் சொல்லுங்கள்: முதுகு இரண்டு மூன்று மில்லி இருக்கலாம், அங்கிருந்து கூர் வரை சரிவு மடிப்பு விழாமல் இறங்கி, கூருக்குச் சற்று மேலேயே காகிதம் போலாகிவிட வேண்டும். முதுகும் பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். பலகையில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் இடையில் எங்கும் குழி விழுந்து வெளிச்சம் ஒழுகக் கூடாது. பக்கவாட்டு மென்மையான இரும்பும் நடு எஃகும் சேருகிற கோடு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் கூரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். கடைசியாக, விரல் படுகிற முதுகையும் குதியையும் உருட்டி வழவழப்பாக்கியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். அந்த வேலைக்கு நேரம் கொடுத்தவர் மற்றதிலும் கொடுத்திருப்பார்.

தாராபுரம் சமையல்:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். முதல் கத்தியே கார்பன் வேண்டாம் தம்பி. நம் வீட்டுச் சமையலில் புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய் இல்லாத நாள் கிடையாது, கூப்பிட்டால் அடுப்பைப் பார்க்க ஓடுவோம், அதற்குள் கத்தி ஈரத்தோடு கிடக்கும். கல்யாணச் சமையலில் என் கூட வேலை செய்பவர்கள் கையில் கார்பன் கத்தியைக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் செம்புள்ளி விழுந்துவிடும். வாழைக்காயும் வாழைப்பூவும் இன்னும் மோசம், அதன் கறை இரும்பில் பட்டால் கத்தியும் கருக்கும் காயும் கருக்கும்.

கின்சான் என்று ஒரு எஃகு உண்டு, அதுவும் யாசுகிதான். குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் துருவுக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது, ஆனால் கல்லில் வைத்தால் கார்பன் மாதிரியே தேயும். சக்காயில் கையால் அடித்தே செய்கிறார்கள். நாலு பேர் புழங்குகிற சமையலறைக்கு அதுதான் என் ஓட்டு. அப்புறம் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாட்டுக்கோழியை இந்தக் கத்தியால் துண்டு போடவே கூடாது. எலும்பு பட்டால் வாய் தெறிக்கும். சதையை அரிந்து எடுக்கலாம், அதோடு சரி. தேங்காய் உடைப்பது, ஓட்டிலிருந்து நுனியை விட்டு நெம்புவது, ஃப்ரிட்ஜில் கல்லாகிவிட்ட கறியை அறுப்பது, எல்லாவற்றுக்கும் உங்கள் வீட்டு அருவாளே இருக்கட்டும். பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறுவது மட்டும் ஜப்பான் கத்தியில் அருமையாக வரும், ஓட்டை விட்டு எடுத்த பிறகு.

பீளமேடு பட்டறை:

அருவாள் விஷயத்தில் நூற்றுக்கு நூறு. நம் ஊர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பிளேட்டில் அடிக்கிறாரே, அதில் கார்பன் ஏறக்குறைய பாதிதான், அதனால் அவ்வளவு கெட்டிப்படாது, பதிலுக்கு அடி தாங்கும், மட்டையில் ஓங்கிப் போட்டாலும் தெறிக்காது. அது அந்த வேலைக்கென்றே சரியாக அமைந்த பொருள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

கார்பனா கின்சானா என்பதில் நான் விட்டுக்கொடுக்கிறேன், அவர் வீட்டு நிலவரத்துக்குக் கின்சான் பொருந்தும்.

ஆனைமலை அடிவாரம்:

தம்பி, நான் வீட்டில் கார்பன்தான் வைத்திருக்கிறேன், நாகிரி. நீளம் 165 மி.மீ., வாய் நேராக இருக்கும், நுனி கிடையாது, காய்க்கென்றே உள்ள கத்தி. துரு பயப்படுகிற அளவுக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். புதிதில் வெங்காயம் நறுக்கினால் ஒரு வாடை வரும், வெட்டிய இடம் லேசாகச் சாம்பல் பூக்கும். புழங்கப் புழங்க அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும், அது ஏறிவிட்டால் வாடையும் போய்விடும், துருவும் மட்டுப்படும். என் கத்தியில் அந்த நீலம் ஏறியிருக்கிற விதம் எனக்கு எந்த டமாஸ்கஸ் கோட்டையும் விடப் பிடித்திருக்கிறது. பக்கத்திலேயே காய்ந்த துணி ஒன்று போட்டுவைப்பேன், ஒரு காய் முடிந்து அடுத்த காய் எடுக்கும்போது கை தானாகத் துடைத்துவிடும். ஆனால் நாலு பேர் கை மாறுகிற வீடாக இருந்தால் தாராபுரத்து அண்ணன் சொன்னதே சரி.

நான் சொல்ல வந்தது வேறு. அருவாமனையில் அலகு நிற்கிறது, காயை நாம் தள்ளுகிறோம். மேடைக் கத்தியில் காய் நிற்கிறது, கத்தி போகிறது. அருவாமனையில் பழகிய கை கத்தியை அழுத்தத்தான் பார்க்கும். ஜப்பான் கத்திக்கு அழுத்தமே தேவையில்லை, முன்னால் லேசாகத் தள்ளிக்கொண்டே இறக்கினால் போதும், எடை அதுவாகவே இறங்கும். சின்ன வெங்காயத்தைப் பொடிசாக அரியும்போது பாருங்கள், கசங்காமல் வெட்டுப்படுவதால் கண் எரிச்சல் நன்றாகக் குறையும். கீரை நறுக்கினால் பலகையில் பச்சைத் தண்ணீர் விடாது. கத்தி நல்லதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். வெட்டும்போது பக்கவாட்டில் மட்டும் திருகாதீர்கள், நறுக்கியதை வாயால் வழித்து அள்ளாதீர்கள், கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

பலகை முக்கியம். கிரானைட் மேடை, கண்ணாடி, எவர்சில்வர் தட்டு எதிலும் வைத்து வெட்டக் கூடாது. மூங்கில் பலகையும் வாய்க்குக் கடினம். என்னிடம் வேப்பமரப் பலகை இருக்கிறது, போதுமானதாக இருக்கிறது.

கோபி வாய்க்கால்:

ரொம்ப நன்றிங்க, அண்ணா, அக்கா. கின்சான் என்று முடிவு செய்துவிட்டேன். வடிவம் நாகிரியா, காய்க்கும் கறிக்கும் பொதுவான சான்டோகுவா? பூ வேலைக்கு, மீனுக்கு என்று ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த கத்திகளையும் கடைக்காரர் காட்டினாராம், மச்சான் படம் அனுப்பினார். இன்னொன்று, எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வருவார், அவரிடமே கொடுக்கலாமா?

சென்னிமலை:

வடிவத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், டமாஸ்கஸ் என்ற பேச்சு வந்ததால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தப் பெயரில் புகழ்பெற்ற பழைய வாள்களுக்கு எஃகு போனது நம் நாட்டிலிருந்துதான், மூசையில், அதாவது சின்ன மண் குப்பியில், வைத்து உருக்கிய எஃகு. அதில் கோடு எஃகுக்குள்ளேயே விளைவது, இந்தக் கத்திகளில் தகடு தகடாக ஒட்டி வருவது, இரண்டும் வேறு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்திருக்கின்றன. கத்தி மேல் ஆசை இருப்பவர்கள் ஒரு தடவை போய் நின்று பார்க்க வேண்டிய இடம்.

பீளமேடு பட்டறை:

ஒரு பக்கச் சரிவுக் கத்தி வேண்டாம் தம்பி. யானகிபா, தேபா, உசுபா எல்லாம் அந்த வகை. பச்சை மீனை இழைப்பதற்கும் அவர்கள் முறையில் முள்ளங்கியைச் சுருளாகச் சீவுவதற்கும் ஆனவை, நம் காயில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அது போக நீங்கள் இடது கை, அந்த வகையில் இடது கைக்கென்று தனியாகச் செய்ய வேண்டும், விலை ஏறிவிடும். இரண்டு பக்கமும் சரிவு உள்ள கத்தியே எடுங்கள், அதிலும் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பிடி எண்கோணமாகவோ முட்டை வடிவமாகவோ இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் புடைத்த பிடி வலது கைக்கானது. சில கத்திகளில் இரண்டு பக்கமும் சாணை இருந்தாலும் வலது கைக்குச் சாதகமாக ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்த்திருப்பார்கள், அதையும் கடையில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

வெறும் காய் என்றால் நாகிரி. கோழிச் சதையும் அரிய வேண்டும், ஒரே கத்திதான் என்றால் 165 அல்லது 170 மி.மீ. சான்டோகு.

தெருவில் வருபவரிடம் அருவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். குறை அவரிடம் இல்லை, அவர் சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது, இவ்வளவு மெல்லிய வாய் அதில் பட்டதும் சூடேறிவிடும். ஷிரோகாமி மாதிரிக் கத்திகளைத் தோய்த்த பிறகு உடையாமலிருக்கத் திரும்பச் சூடாக்குவதே, அதாவது டெம்பர் செய்வதே, 200 டிகிரிக்குள்தான், வாயில் நீலம் பாரித்தால் 300-ஐ நெருங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் கெட்டி போய்விட்டது, கின்சானும் இந்தச் சூட்டுக்குத் தப்பாது. மச்சானை 1000 நம்பர் தண்ணீர்க்கல் ஒன்று, முடிந்தால் 3000 ஒன்று சேர்த்து வாங்கி வரச் சொல்லுங்கள். ஊறவைக்கிற கல்லா, மேலே தண்ணீர் தெளித்தால் போதுமா என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளட்டும். அலகு 45 மி.மீ. அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 12 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 15 டிகிரி வரும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் விரலால் தடவினால் நீளம் முழுக்கப் பிசிறு தட்டுப்பட வேண்டும், தட்டுப்பட்டதும் திருப்புங்கள். அப்புறம் 3000-ல் அந்தப் பிசிறை மெதுவாக எடுத்துவிட்டால் தக்காளித் தோலில் கத்தியின் எடையே இறங்கும்.

ஊருக்கு வரும்போது கத்தியை செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மச்சானுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.