கிழிக்கச் சொன்னது யார்?

கரும்பலகை: மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஆசிரியர் உதவியே இல்லாமல், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என்று தானே கண்டுபிடித்துவிட்டாளாம். நேற்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, ஒரே புள்ளியில் சேர்த்து வைத்தாளாம், நேர்கோடு வந்ததாம். சரி. கிழிக்கச் சொன்னது யார்?

வாலு_அம்மா: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். மாண்டிசோரி வகுப்பு சார் அது. பாயை விரித்து, தட்டில் இருக்கும் முக்கோணங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவள்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். தலைமாட்டில் நின்று யாரும் ஏவுவதில்லை. உங்கள் காலத்துப் பிரம்பு வகுப்பு இல்லை.

கரும்பலகை: பிரம்பு எங்கிருந்து வந்தது? முப்பது வருடம் கணக்கு எடுத்தேன், ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கிழிக்கச் சொன்னது யார்?

வாலு_அம்மா: என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பயிற்சி அட்டையில் போட்டிருந்தது. போதுமா?

கரும்பலகை: அப்படி வாருங்கள். அட்டை வானத்திலிருந்து விழவில்லை, ஒரு டீச்சர் எழுதியது. சொல்லிக்கொடுத்துவிட்டு, சொல்லிக்கொடுக்கவே இல்லை என்கிறீர்கள்.

ஏணிப்படி: அட்டை என்றால் உங்களுக்கு இளக்காரம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அட்டைகளை வைத்துப் பிள்ளைகளே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்து, 2007-08க்குள் மாநிலம் முழுக்கப் பரவியபோது அந்த அட்டைகளோடு மல்லுக்கட்டியவன் நான். அட்டை வேலையைச் சொல்லும், விடையைச் சொல்லாது. அதற்கும் முன்பே, 1893இல், இதே சென்னையில் சுந்தர ராவ் காகித மடிப்பை வைத்தே வடிவியல் புத்தகம் போட்டுவிட்டார். மழலையர் பள்ளிக் காகிதச் சதுரங்கள்தான் அவருக்குக் கருவி.

கரும்பலகை: சுந்தர ராவ் மடித்தார் ஐயா, மடித்தார்! இங்கே பேச்சு கிழிப்பதைப் பற்றி. உச்சியை அடிப்பக்கத்தைத் தொடும்படி, மடிப்பு அடிக்கு இணையாக வரும்படி மடியுங்கள், மற்ற இரண்டு மூலைகளும் அதே புள்ளியில் வந்து உட்காரும். நான் இப்படித்தான் செய்யவைப்பேன், காகிதமும் வீணாகாது.

ஏணிப்படி: உங்கள் பிள்ளைகளை மடிக்கச் சொன்னது யார்?

கரும்பலகை: நான் சொன்னேன். சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதுதான் வித்தியாசம். போன மாதம் பின்னம் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியில் திருப்பினீர்கள், மறக்கவில்லை.

ஆரஞ்சுப்பழம்: எல்லோரும் 180இலேயே நில்லுங்கள். ஒரு பந்தின் உச்சியிலிருந்து நடுக்கோட்டுக்கு இரண்டு கோடு இழுத்து, நடுக்கோட்டில் கால் சுற்று எடுத்தால் மூன்றும் செங்கோணம், மொத்தம் 270. இதையும் கிழித்து ஒட்டட்டும்.

வாலு_அம்மா: எட்டு வயசுப் பிள்ளையிடம் இதைச் சொல்லப் போகிறீர்களா?

ஆரஞ்சுப்பழம்: பழம் உரிக்கத் தெரியும்தானே?

கரும்பலகை: கிழித்து ஒட்டினால் 179ம் நேர்கோடாகத்தான் தெரியும், நிரூபணமே ஆகாது. அதை விடுங்கள், முதல் கேள்விக்கு வருவோம்.

வாலு_அம்மா: இன்று காலை ஒரு நாற்கரத்தை வெட்டி நான்கு மூலைகளையும் கிழித்துச் சேர்த்தாள். இடைவெளியே இல்லாமல் ஒரு முழுச் சுற்று வந்தது. அது எந்த அட்டையிலும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கரும்பலகை: நாற்கரம் வேறு கதை, அதற்குத் தனியாகப் பதிவு போடுங்கள். முக்கோணத்தைக் கிழிக்கச் சொன்னது யார்?