கேம்பர் கூரையில் சோலார் கேபிள் இறங்கும் இடத்தில் மழைத்தண்ணி ஒழுகுது, எப்படி அடைப்பது?

கேள்வி:
டெம்போ டிராவலர் கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வண்டி). கூரையில் 100 வாட் பேனல் ரெண்டு, பேரலல். 4 ஸ்கொயர் எம்எம் கேபிள் ரெண்டும் 20 மி.மீ. துளையில் ஒரே ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டுற வளையம்) வழியா இறங்குது, சுத்தி சிலிக்கான் சீலன்ட். நிற்கும்போது தூறலுக்கு ஒண்ணும் ஆகலை. மழையில் ஓட்டினா கேபிளைப் பிடிச்சே தண்ணி வந்து சார்ஜ் கன்ட்ரோலர் (பேனல் கரண்டை முறைப்படுத்தி பேட்டரிக்கு விடுற பெட்டி) மேல சொட்டுது. இன்னும் கொஞ்சம் சிலிக்கான் பூசினா போதுமா?

பதில் 1:
பூசாதீங்க ஜி. ரெண்டு உருண்டைக் கேபிள் சேரும் இடத்தில் சந்து நிக்கும், குரோமெட் அதை அடைக்காது. ஓடும்போது காத்து தண்ணியை அதுக்குள்ள தள்ளுது. சிலிக்கானில் வினிகர் வாடை அடிச்சா, அந்த அமிலம் வெட்டின தகர விளிம்பை அரிச்சு துருப்பிடிக்க வைக்கும்.

துளையை மூடுற மாதிரி ரெண்டு கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கி அடைக்கிற திருகு மூடி) வெச்ச ஏபிஎஸ் பிளாஸ்டிக் கேபிள் என்ட்ரி பாக்ஸ் வாங்குங்க. ஒரு கேபிளுக்கு ஒரு கிளாண்ட். இந்தக் கேபிள் வெளிவிட்டம் 6 மி.மீ. பக்கம் வரும், 4-8 மி.மீ. பிடிக்கிற பிஜி9 அளவு கிளாண்ட் சரியா இருக்கும். கிளாண்ட் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்கணும்.

பழைய சிலிக்கானை ஒரு படலம்கூட மிச்சமில்லாம சுரண்டுங்க, அதன்மேல் வேற எதுவும் ஒட்டாது. விளிம்புப் பிசிறை அரத்தால் எடுத்து, ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட், மேல பெயின்ட். பாக்ஸ் அடியை உப்புத்தாளால் தேய்ச்சு பாலியூரித்தேன் சீலன்ட் வைங்க. ஸ்க்ரூ வேண்டாம், ஒவ்வொண்ணும் இன்னொரு ஓட்டை. ரொம்ப அழுத்தினா சீலன்ட் வெளியே பிதுங்கிடும். 2-3 மி.மீ. கனம் அடியில் இருந்தாதான் வெயிலில் தகரம் விரியும்போது கிழியாது. ஒரு நாள் முழுக்க காயட்டும்.

பதில் 2:
அதுக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. பேனலைத் துணியால் மூடி, கன்ட்ரோலரில் பேனல் வயரைக் கழற்றுங்க. செம்பு ஈரமாவோ பச்சை பூத்தோ இருந்தா தண்ணி கேபிளுக்கு உள்ளேயே வருது. கூரையில் எம்சி4 கனெக்டரோ (பேனல் வயரை இணைக்கிற பிளக்), ரெண்டு பேனல் வயரை ஒண்ணாக்குற ஒய் ஜாயின்ட்டோ தேங்கின தண்ணியில் கிடந்து, அதன் சீல் சரியில்லைன்னா, இழைகளுக்கு நடுவில் ஈரம் ஊறி இறங்கும். அதை எந்த கிளாண்டும் தடுக்காது. கனெக்டரை மாத்தி, பேனல் பிரேமுக்கு அடியில் தூக்கிக் கட்டுங்க.

உள்ளே கேபிளை கன்ட்ரோலருக்குக் கீழே வரை இறக்கி, வளைச்சு மேலே ஏத்துங்க. ஒருவேளை தண்ணி வந்தாலும் வளைவில் சொட்டிடும்.

கேள்வி:
சரி செஞ்ச பிறகு எப்படி சோதிக்கிறது?

பதில் 1:
உள்ளே ரெண்டு கேபிளிலும் தனித்தனியா டிஷ்யூ சுத்துங்க. சாதா ஹோஸ் போதும், பிரஷர் வாஷர் நல்ல சீலையும் பிச்சிடும். முதலில் பாக்ஸ் அடிவிளிம்பில் மட்டும் 5 நிமிஷம், அப்புறம் கிளாண்ட், கடைசியா கனெக்டர். எந்த இடத்தில் விடும்போது டிஷ்யூ நனையுதோ அங்கதான் ஒழுகல்.