புதுப்பிப்பு: கார் பேட்டரியில் இன்வெர்ட்டர், ஃபியூஸ் எரிந்த காரணம்

மின்வெட்டின்போது காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 300 வாட் இன்வெர்ட்டரைச் செருகி, சின்ன ரைஸ் குக்கரைப் போட்டவுடன் ஃபியூஸ் எரிந்துபோனது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். காரணம் எளிய கணக்குதான். 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர்; இன்வெர்ட்டரிலேயே வீணாவதையும் சேர்த்தால் 28 ஆம்பியரைத் தொடும். என் காரில் அந்த சாக்கெட்டுக்கு இருந்ததோ 15 ஆம்பியர் ஃபியூஸ். பெரிய ஃபியூஸாக மாற்றிவிடலாமே என்று நானும் நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் ஃபியூஸுக்குப் பதில் உள்ளே ஓடும் மெல்லிய வயர் உருகியிருக்கும்.

இப்போது தடித்த கேபிளில் நேராகப் பேட்டரியிலிருந்தே இணைப்பு எடுத்து, பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால், தீப்பொறி பறக்கக்கூடிய கடைசி இணைப்பான நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுகிறேன்.

ஒன்றை மட்டும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில் தானாக நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். ஆனால் அந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியால் காரை ஸ்டார்ட் செய்ய முடியாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் 12.2 வோல்ட் காட்டினாலே நிறுத்திவிடுகிறேன். எஞ்சினை ஓடவிடுவதானால் வெட்டவெளியில் மட்டுமே. மூடிய ஷெட்டில் புகையின் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். ரைஸ் குக்கர் அடுப்படிக்கே திரும்பிவிட்டது. காரில் இப்போது ஓடுவது டேபிள் ஃபேனும் லேப்டாப்பும்தான்.