ஆக்கர் கடைக்குக் கதிர்வீச்சு மீட்டர் தேவையா? (மூவர் பேச்சு; பேசுபவர் பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர்)

வேளிமலை: நாகர்கோவில், தக்கலை ஆக்கர் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், மீட்டர் கட்டாயமாக்கணும். 2010இல் டெல்லி மாயாபுரியில் என்ன ஆச்சு? பல்கலைக்கழகத்தில் 1985க்குப் பிறகு தொடாமல் கிடந்த, கதிர்வீசும் கோபால்ட்-60 உலோகம் உள்ள கருவி ஏலத்தில் பழைய இரும்போடு போனது. ஆக்கர் கடையில் உடைத்தார்கள், ஒருவர் செத்தார், ஏழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

கடியபட்டணம்: அண்ணாச்சி, மணவாளக்குறிச்சி, சின்னவிளை மணலில் மோனசைட் என்ற கனிமம் கிடக்கு, அதில் கதிர்வீசும் தோரியம். படகு இன்ஜினில் மணல் ஒட்டி வந்தாலே மீட்டர் கத்தும். நாலு தடவை வீணாகக் கத்தினால் கடைக்காரர் ஆஃப் செய்துவிடுவார். அதைவிட, சோர்ஸ், அதாவது கருவிக்குள் இருக்கும் கதிர்வீசும் பொருள், ஈய உறைக்குள் முழுசாக இருந்தால் மீட்டர் கத்தாமலே போகலாம். அப்புறம் எதுக்கு?

வேளிமலை: உறை நியாயமான கேள்வி, பிறகு வருகிறேன். மணலைப் பிரித்துவிடலாம். லோடு வருமுன் வாசலில் அளவு எடுத்து எழுதி வைக்கணும். மணல் என்றால் பரவலாகக் காட்டும், கழுவினால் இறங்கும். சோர்ஸ் ஒரே இடத்தில் குத்திக் காட்டும், கழுவினாலும் இறங்காது. மீட்டரை லோடுக்குப் பத்து மீட்டர் தள்ளியே ஆன் செய்யணும். மீட்டருக்குள் கதிரை உணரும் விலை குறைந்த கெய்கர் குழாய் பலத்த கதிருக்குப் பக்கத்தில் திணறிப் பூஜ்யம் காட்டும்.

இரணியல்: பைப் வெல்டிங்கைக் கதிரால் படமெடுக்கும் இரிடியம்-192 சோர்ஸை மறந்துட்டீங்க. சோர்ஸின் பலம் 1 டெராபெக்கரல் என்றால், ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவர் உடம்பில் மணிக்குச் சுமார் 130 மில்லிசீவர்ட் கதிர் ஏறும். பொதுமக்களுக்கு வருஷ வரம்பு 1 மில்லிசீவர்ட். அரை நிமிஷத்தில் தாண்டிவிடும். பார்த்தால் விரல் நீளக் கம்பி, தொட்டால் சூடுகூட இருக்காது. 1999இல் பெருவில் ஒரு வெல்டர் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு போய்க் காலை இழந்தார். அரை ஆயுள், அதாவது பலம் பாதியாகும் காலம், 74 நாள், இரண்டு வருஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆபத்து முதல் சில மாதத்தில்தான் ரொம்ப அதிகம். தொலைத்தவர் அன்றே சொல்லணும்.

கடியபட்டணம்: அதைத்தான் சொல்றேன், ஓட்டை இருப்பது சோர்ஸ் வைத்திருப்பவரிடம். அவர் சோர்ஸ் கணக்கை ஒழுங்காகப் பார்த்தால் ஆக்கர் கடைக்கே வராது.

வேளிமலை: மாயாபுரியில் கணக்கு தவறியதால்தானே கடைக்கு வந்தது! உறைக்கு வருகிறேன். அங்கே மீட்டர் உதவாமல் போகலாம், கைதான் உதவும். சின்னப் பெட்டி, தூக்க முடியாத கனம், கதிர்வீச்சைக் காட்டும் மூன்று இதழ் குறி சுரண்டிய தடம்: இருந்தால் கட்டிங் டார்ச் வைக்கவே கூடாது. உருக்கினால் கோபால்ட் இரும்போடு கலந்து கம்பியாக வீட்டுச் சுவருக்குள் போகும், சீசியம் என்ற இன்னொரு வகை சோர்ஸ் புகையோடு பறக்கும்.

கடியபட்டணம்: சந்தேகம் வந்தால் உடனே?

இரணியல்: தொடாமல் 30 மீட்டர் விலகி, ஆட்கள் கிட்டே வராமல் தடுத்து, 112க்குப் போன். தொட்டவர் வீட்டுக்குப் போகாமல் அந்த 30 மீட்டருக்கு வெளியே தனியாக நிற்கணும், எதுவும் தின்னக் கூடாது.