மறு: 'ரூஸ்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் – கூடு வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். நம் பறவைக் கணக்கெடுப்புப் படிவத்துக்காக 'ரூஸ்ட்' (roost) என்பதற்கு, அதாவது பறவைகள் தங்கித் தூங்குவதற்கும் அப்படித் தூங்கும் இடத்துக்கும், தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டதால் ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

> 'கூடடைதல்' என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்தான். சிக்கலே அதில்தான். கூடு என்பது முட்டைக்கும் குஞ்சுக்கும். குஞ்சு பறந்தபின் பெரும்பாலான பறவைகள் அந்தப் பக்கமே போவதில்லை. 'கூடு திரும்பும் பறவைகள்' என்று அந்தி வானப் படத்துக்குக் கீழே போடுகிறார்களே, அவை ஏதோ ஒரு கிளைக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். பூனைப்பருந்துகளை (harrier) பாருங்கள். வலசை வரும் இவை பெரும்பாலும் நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் குளிர்கால மாலைகளில் நூற்றுக்கணக்கில் இறங்கி, தரையிலேயே புல்லுக்குள் தூங்குகின்றன. இதைக் கூடடைதல் என்று எப்படி எழுதுவது?

என் பரிந்துரை வெறும் 'அடைதல்'. "காக்கா எல்லாம் பஸ் ஸ்டாண்டு மரத்துலதான் அடையுது" என்று ஊரில் சொல்கிறோமே, அதுதான்.

> அடைகாத்தலோடு குழம்பாதா?

"கோழி அடையில இருக்கு", "கோழி அடைஞ்சிருச்சு" இரண்டையும் போட்டு எந்தப் பாட்டியும் குழம்பியதில்லை. வினைக்குச் சிக்கல் இல்லை. இடத்தின் பெயருக்குத்தான் சொல் உதைக்கிறது. 'அடைவு' என்றால் இலங்கை நண்பர்களுக்கு நகையை அடகு வைத்த ஞாபகம் வரும். 'அடைசல்' பரண்மேல் கிடப்பது. ஆகவே இடத்துக்குச் 'சேக்கை', அதாவது தங்குமிடம். சங்க நூலான பொருநராற்றுப்படையில் இறால் தின்ற நாரைக் கூட்டம் புன்னைக் கிளையில் சேக்கும், அதாவது தங்கும். அலையோசைக்கு வெருண்டு பனைமடலுக்கு மாறிச் சேக்கும். பாதுகாப்பான இடம் தேடுவதுவரை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நமக்கு வேறென்ன வேண்டும்?

> பகலில் தூங்கும் பறவைக்கு? 'மறைவிடம்' பொருந்துமே.

பகலுக்கு 'அடைதல்' ஒட்டாது, ஒப்புக்கொள்கிறேன். பொழுது சாய்வது அதில் கலந்திருக்கிறது. அங்கே 'பகல் சேக்கை' போதும். மறைவிடம் மட்டும் வேண்டாம். கேரளத்தின் தட்டேக்காட்டில் தவளைவாயன் (frogmouth) என்ற இரவுப் பறவையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். ஆணும் பெண்ணும் தாழ்ந்த கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், சருகு நிறத்தில். ஆள் அரவம் கேட்டால் பறக்காது; அலகை மெல்ல மேலே தூக்கி, கண்ணை இடுக்கி, ஒடிந்த கொம்பாகிவிடும். நான் முன்னால் நின்றுகொண்டே "எங்கே, எங்கே" என்று கேட்டேன். அது மறைவான இடத்தில் உட்காரவில்லை, தானே மறைவாகிவிடுகிறது. நம் சொல் இடத்தை மட்டும் சொல்லட்டும். மறையும் வித்தைக்குத் தனி இழை தொடங்கலாம்.

> பல பறவைகள் சேர்ந்து அடைந்தால் 'கூட்டுச் சேக்கை'?

துரத்திவிட்ட கூடு கொல்லைவழியாக வருகிறது பாருங்கள்! படிப்பவர் 'கூட்டிலுள்ள சேக்கை' என்றே எடுத்துக்கொள்வார். 'திரள் சேக்கை' என்போம். எங்கள் வீட்டுப் பின்புற வேம்பில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் அடையும். இருட்டும் நேரத்தில் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காரும். ஓரத்தில் இருப்பது மட்டும் சும்மா இராது. எழுந்து பறந்து வந்து நடுவில் இடித்து நுழையும். உடனே புதிதாக ஓரமானது எழும். முழுக்க இருட்டும்வரை இதே கூத்து. விளிம்பில் தூங்கப் பயம் யாருக்குத்தான் இல்லை!

கணக்கெடுப்புப் படிவத்தில் இந்தச் சொல்லுக்கான கட்டம் மிகச் சிறியது. 'திரள் சேக்கை' எழுதிப் பார்த்தேன், அடங்குகிறது. மறுப்பு இருந்தால் படிவம் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.